சென்ஃபுவெனுக்கு வைத்த நேர்த்தி

1

போன மாதம் மொன்றியல் பக்கம் கர்க்லாண்டில் ஒரு பிறந்தநாள் வீடு. பெரிய வீடு, பெரிய கேக், வாசலில் சப்பாத்துக் கழற்றி வைக்க இடமில்லாத அளவுக்குச் சனம். நான் ரோல்ஸ் தட்டோடு சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றபோது வசந்தியக்கா வந்து பக்கத்தில் நின்றார். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அடுத்த ஊர்க்காரர். மகன் பல் வைத்தியராகிய நாளிலிருந்து அவர் யாரோடு கதைத்தாலும் கண்ணைப் பார்ப்பதில்லை, பல்லைத்தான் பார்க்கிறார்.

“உம்மடை மகள் புல்லுப் படிக்கிறாளாமே, மெய்யே?” என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

“நல்ல கெட்டிக்காரப் பிள்ளை. உதுக்குப் போய்… என்ன செய்யிறது. இந்த நாட்டிலை பிள்ளையளுக்கு ஒண்டும் சொல்லேலாது.”

என் வாயில் ரோல்ஸ் இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லோரும் கூடி நின்று மூன்று மொழியில் வாழ்த்துப் பாடினார்கள். நானும் பாடினேன். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க, சொல்லாத பதில் எனக்குள் கொதித்துக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் வானொலியைச் சற்றுக் கூட்டி வைத்துவிட்டுக் காரை ஓட்டினார். என் பதில்களின் நீளம் அவருக்குத் தெரியும்.

அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்கும் இது உதவும். “கனடாவிலை உங்கடை பிள்ளை என்ன செய்யிறா?” என்று தொலைபேசியில் நீங்களும் விடாமல் கேட்கிறவர்கள்தானே.

2

நாங்கள் இருப்பது ரொக்ஸ்பரோவில். நான் ஒரு கார்டெரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சமையல் வேலை செய்கிறேன். விடியப் போய்ப் பருப்புச் சூப் வைப்பேன். மொன்றியல் பிள்ளைகள் அதைக் கோப்பையை வழித்துக் குடிப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் பெருமையாக இருக்கும். வேலை எனக்குப் பிடிக்கும். மொழிதான் இன்னும் காலை வாருகிறது. பிரெஞ்சில் மேசை பெண்ணாம், கத்தி ஆணாம், முள்ளுக்கரண்டி திரும்பவும் பெண்ணாம். எதற்கு ‘லு’ போடுவது, எதற்கு ‘லா’ போடுவது என்று யோசித்து முடிப்பதற்குள் சூப் அடிப்பிடித்துவிடும். ஆகவே நான் எல்லாவற்றையும் ஆணாக்கிவிட்டேன். என்னோடு சமையலறையில் நிற்கும் ஷன்டால் இதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, அலுத்து, விட்டுவிட்டாள்.

எங்கள் ஒரே பிள்ளை மதுரா. இங்கே பிறந்தவள், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதுகொண்டு போய், பிறகு அழாமல் நின்றுவிட்டவள். நான் கதைப்பது அவளுக்கு முழுக்க விளங்கும். அவள் கதைப்பதில் கால் பங்கு எனக்கு விளங்காது. பல்கலைக்கழகம் போனதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்கெய்யில் இரண்டு தோழிகளோடு அறை எடுத்துக்கொண்டாள். மஞ்சள் மெட்ரோ ஆற்றுக்கு அடியால் போய் அவளைக் கரை சேர்க்கும். தூரம் பெரிதில்லை. ஆனால் அவள் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் தன் படிப்பைப் பற்றிச் சொல்லும்போது, இவள் போகிற இடத்துக்கு என் சொற்கள் கூடப் போகாது என்ற கவலை எனக்கு வந்துகொண்டே இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அவள் படிப்பது தாவரச் சூழலியல். அதிலும் ஒரே ஒரு செடி. கிழக்கே கஸ்பேசி மலைகளில், மரங்களே வளர முடியாத உச்சியில், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் பூக்கும் ஒரு பூ. நம்முடைய பயறு, உழுந்து, அவரை எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். ஊதாவும் ரோசாவும் கலந்த பூக்கள் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கும். காய் பயற்றங்காய் மாதிரி இராது. தட்டையான காசுகளைக் கோத்த மாதிரிக் கணுக்கணுவாக இருக்கும். காய்ந்ததும் கணுக்கணுவாக உடைந்து, ஒவ்வொரு துண்டும் ஒரு விதையோடு காற்றில் பறக்கும். நடைபாதையை விட்டு விலகி நடந்தவர்களின் சப்பாத்துகள் மலையில் ஓரிடத்தில் அந்தச் செடிகளை அழித்துவிட்டன. விதையிலிருந்து நாற்று வளர்த்து அந்த இடத்தில் திரும்ப நடுவதுதான் மதுராவின் ஆராய்ச்சி.

அந்தப் பூவின் பெயரைத் தொலைபேசியில் சொன்னாள்: “சென்ஃபுவென், அம்மா.”

இந்த நகரத்தில் ‘சென்’ என்று தொடங்கினால் அது புனிதர்தான். தெரு சென் லோரோன், தெரு சென் தெனி, மெட்ரோ சென் மிஷெல். புனிதர் பெயர் இல்லாத சந்தியில் பேருந்து திரும்பாது. அப்படியிருக்க ஒரு பூவுக்குப் புனிதர் பெயர் இருப்பதில் எனக்கு என்ன ஆச்சரியம்? பிள்ளையாருக்கு அறுகு, சிவனுக்குக் கொன்றை, அம்மனுக்கு வேம்பு. இவர்களுக்கும் சென்ஃபுவென் என்றொரு புனிதர் இருக்கிறார், மலையில் இருக்கிறவர், இது அவருடைய பூ என்று எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. இவ்வளவு தெளிவான விஷயத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

3

மார்கழி விடுமுறைக்கு மதுரா வீட்டுக்கு வந்தபோது முகம் சரியில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னக் கடதாசி உறையை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை?”

“சென்ஃபுவென் முளைக்கேல்லை, அம்மா. ஒண்டும் முளைக்கேல்லை.”

இலையுதிர் காலத்தில் அனுமதி எடுத்து மலையில் பொறுக்கிவந்த விதைகள். ஒரு பகுதியை அப்படியே ஈரத்தில் போட்டிருக்கிறாள். கல்லுப் போலக் கிடந்தன. இன்னொரு பகுதியின் தோலைக் கடுமையாக உரசிவிட்டுப் போட்டிருக்கிறாள். பூஞ்சணம் பிடித்து அழுகிவிட்டன. மிஞ்சியது அந்த உறைக்குள் இருந்ததுதான். வசந்தத்துக்குள் நாற்று இல்லாவிட்டால் கோடையில் மலைக்குக் கொண்டுபோக எதுவுமில்லை. அந்த உச்சியில் கோடை என்பது சில வாரங்கள். அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

“இதுவும் முளைக்காட்டில் நான் விட்டிடப் போறன்,” என்றாள். “வங்கியிலை ஒரு வேலை இருக்காம். எல்லாருக்கும் சந்தோஷமாய் இருக்கும்.”

அந்தக் கடைசி வசனம் எனக்குச் சுட்டது. எல்லாருக்கும் என்றால் யாருக்கு? வசந்தியக்காவுக்கா? வங்கி வேலை மோசமான வேலை இல்லை. ஆனால் இந்தப் பெண் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தால் வரும்போது கையில் ஏதாவது இலையோடுதான் வருவாள். அவளை வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

“ஏன் முளைக்குதில்லை?” என்று கேட்டேன்.

தோல் தண்ணீரை உள்ளே விடாதாம். அது செடியின் தந்திரமாம். எல்லா விதையும் ஒரே வருடம் முளைத்தால், அந்த வருடம் பனி பிந்திப் பெய்தால் எல்லாம் செத்துப்போகும். ஆகவே சில விதைகள் மண்ணில் வருடக்கணக்காகப் பேசாமல் கிடக்கும். கல்லும் பனியும் உரசி உரசித் தோலில் ஒரு கீறல் விழும்போது அந்த விதை முளைக்கும்.

“உது கல்லுப்பயறு எல்லே,” என்றேன் நான்.

“என்னது?”

“பயறு ஊறப்போட்டால் எல்லாம் ஊதி வரும், ரெண்டு மூண்டு மட்டும் ஊறாமல் கிடக்கும். அவிச்சாலும் அவியாது. பல்லிலை கடிபட்டால் பல்லுப் போகும். அதைத்தான் கல்லுப்பயறு எண்டு சொல்லுறது.”

மதுரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இதுக்குத் தமிழிலை ஒரு சொல் இருக்கோ?”

“இல்லாமல் என்ன? எத்தினை வருஷமாய்ப் பயறு தின்னுறம்!”

அவளுக்கு அந்த விஷயம் முன்பே தெரியும், என்னை விட நூறு மடங்கு தெரியும். தெரியாமல் இருந்தது சொல் மட்டும்தான். “கல்லு, கல்லு” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். உறையை எடுத்து அதன் மூலையில் பென்சிலால் பிரெஞ்சு எழுத்தில் எழுதினாள். தமிழ் வகுப்பில் நாலு வருடம் அழுதவள், ஒரு சொல்லைத் தானாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

உடனே வேலை தொடங்கினோம். மிக மெல்லிய சாண்ட் பேப்பரில் ஒவ்வொரு விதையாக வைத்து, விரல் நுனியால், தோலின் மினுக்கம் போகும் வரை மட்டும் உரச வேண்டும். கொஞ்சம் கூடினால் உள்ளே காயம், கொஞ்சம் குறைந்தால் கல்லு. மதுரா ஒன்றைச் செய்து காட்டினாள். நானும் அவளும் எதிரெதிரே இருந்து உரசினோம். என் வீட்டுக்காரர் கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டு ஒன்றை உரசினார். அது பறந்து குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவருக்குத் தேநீர் போடும் வேலை கொடுத்தோம்.

அப்படி உரசிக்கொண்டிருந்தபோதுதான் மனதுக்குள் நேர்ந்தேன். ‘சென்ஃபுவென் ஐயாவே, என்ரை பிள்ளையின்ரை விதை முளைக்க வேணும். முளைச்சால் உம்மடை கோயில் படியை முழந்தாளிலை ஏறுவன்.’

முழந்தாள் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இந்த நகரின் மலையில் ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. அதன் மரப்படிகளைச் சனம் முழந்தாளில் ஏறிச் செபிக்கும். எங்கள் சைவச் சனமும் அங்கே போகிறது. இது எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் சோதனைச்சாவடிகள் இருந்த காலத்தில் அண்ணையின் அடையாள அட்டை காணாமல் போனது. அது இல்லாமல் அண்ணை படலையைத் தாண்ட முடியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கும் என் அம்மா, பிள்ளையாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே அந்தோனியாருக்கு நேர்ந்தார். அட்டை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. அடுத்த செவ்வாய் அம்மா நடந்தே போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தார். பிள்ளையார் கோபிக்க மாட்டாரா என்று கேட்டதற்கு, “துலைஞ்சதைத் தேடுறது அவரின்ரை வேலையில்லை,” என்றார். எந்தக் காரியத்துக்கு யாரோ, அவரிடம் போவது. பூவுக்கு உரியவரிடம் நான் போனேன். அவ்வளவுதான்.

4

மாசியில் ஒரு மத்தியானம் கார்டெரியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. மதுராவிடமிருந்து ஒரு படம். ஈரத்தாளில் சின்ன வெள்ளை வேர்கள், வரிசையாக. படத்துக்கு அடியில் “முளைச்சிட்டுது” என்று தமிழில். நான் ஈரக் கையோடு ஷன்டாலைக் கட்டிப் பிடித்து அவள் சட்டையை நனைத்துவிட்டேன்.

பிறகு கடமை நினைவு வந்தது. ஷன்டாலிடமே கேட்டேன், சென்ஃபுவென் தேவாலயம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த மெட்ரோவில் இறங்க வேண்டும் என்று.

அப்படி ஒரு புனிதரைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றாள். அவள் கிறிஸ்தவள், ஆனால் கோயில் பக்கம் போகாதவள். அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று நான் விடவில்லை. மலைப் புனிதர், கஸ்பேசிப் பக்கம், ஊதாப்பூ வைத்திருப்பார் என்று விளக்கினேன். அவள் தன் தொலைபேசியில் எழுதித் தேடினாள். படம் வந்தது. என்னை ஒரு தரம் பார்த்தாள், படத்தை ஒரு தரம் பார்த்தாள், பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சூப் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள்.

‘சென்’ என்று ஒலிக்கும் சொற்கள் பிரெஞ்சில் பலவாம். புனிதர் ஒரு சென். ஆரோக்கியமான என்பது இன்னொரு சென். எழுத்து வேறு, காதுக்கு ஒன்று. ஃபுவென் என்றால் மாட்டுக்குப் போடும் காய்ந்த புல். அதாவது நான் மனமுருகி நேர்ந்தது நல்ல வைக்கோலுக்கு.

அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் என் முகம் எரிந்தது. இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்தும் வைக்கோலுக்கும் சாமிக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று என்னையே திட்டினேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

“இல்லாத சாமிக்கு என்ன நேர்த்தி? விடுமப்பா,” என்றார்.

“விடேலாது.”

“ஆர் வந்து கேக்கப் போகினம்?”

“சாமி இல்லாமல் இருக்கலாம். நேர்ந்த வாய் என்ரை வாய்தானே. விதை முளைச்சதும் மெய்தானே.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப படிக்கு எங்கை போவீர்?”

பெரிய தேவாலயத்தின் படிகளில் ஏறினால் அது வேறு புனிதருக்குப் போய்ச் சேரும். ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவருக்குக் கூலி கொடுப்பது நியாயமில்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மதுராவை அழைத்து, கோடையில் நாற்று நட மலைக்குப் போகும்போது நானும் வருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். பூவைப் பார்க்க வேண்டும் என்றேன். அது பொய்யில்லை.

5

நினைத்தவுடன் மலையில் ஏற முடியாது. நடைபாதையை விட்டு விலகி அந்தச் செடிகளின் பக்கம் போக அனுமதி வேண்டும், பெயர் பதிய வேண்டும். மதுரா எல்லோருடைய பெயரையும் கொடுத்துவிட்டாள். ஆனால் அலுவலகத்திலிருந்து என்னை அழைத்து ஒரு பெண் விசாரித்தாள். மற்றவர்கள் எல்லாம் மாணவர்கள், பேராசிரியை. நான் எந்தத் தகுதியில் வருகிறேன்?

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மதுராவின் தாய் என்றேன். பிரெஞ்சில் தாய்க்கு ‘மேர்’. முன்னால் ‘லா’ போட வேண்டும். நான் வழக்கம்போல ஆணாக்கி ‘லு’ போட்டேன். ‘லு மேர்’ என்றால் நகர முதல்வராம்.

அந்தப் பக்கம் குரல் சட்டென்று மாறியது. பிறகு மிகுந்த மரியாதையோடு, எந்த நகருக்கு என்று கேட்டாள்.

எந்த நகரில் இருக்கிறேன் என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, “ரொக்ஸ்பரோ,” என்றேன்.

ரொக்ஸ்பரோ முதல்வர் வைக்கோல் நடுவதற்காக மலை ஏறப் போகிறார் என்று எழுதப்பட்டு, பிறகு மதுரா பேசித் திருத்தப்பட்டது. அவள் என்னிடம் இதைச் சொல்லும்போது சிரித்த சிரிப்பில் தொலைபேசியைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் அப்படி என்னோடு சிரித்துப் பல காலம். அந்த ‘லு’வை நான் இன்றுவரை திருத்தவில்லை.

6

கஸ்பேசிக்குக் காரில் போனால் ஆறு கூடவே வரும். வரவர அகன்று, கடைசியில் அக்கரை காணாமல் போய் உப்புக் காற்று வீசும். அடுத்த நாள் காலை ஏறத் தொடங்கினோம். மரங்கள் முதலில் தலைக்கு மேல் நின்றன. பிறகு தோளளவு, பிறகு முழங்காலளவு, பிறகு இல்லை. ஆடி மாதத்திலும் பள்ளங்களில் பழைய பனி கிடந்தது. காற்று என் தொப்பியைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. நாற்றுகளைச் சுமந்தவர்கள் இளம் பிள்ளைகள். என்னிடம் தந்தது தண்ணீர்ப் போத்தல் மட்டும். இருந்தும் நான்தான் கடைசி.

உச்சியில் பச்சை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வெளிறிய சுண்ணாம்புக் கல். கிட்டப் போனால் வெடிப்புகளுக்குள் கையளவு செடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆற்றங்கரைகளில் இதே செடி முழங்கால் உயரத்துக்கும் வளருமாம். இங்கே காற்று விடாது. எங்கே உங்கள் பூ என்று நின்றபடி நான் கேட்டேன். சப்பாத்துக்கு முன்னால் இருப்பதை நின்றுகொண்டு எப்படிப் பார்ப்பது?

அப்போது மதுராவின் பேராசிரியை, வெள்ளைத் தலைமுடி வைத்த, என்னை விட மூத்த ஒரு பெண், அப்படியே முழந்தாளில் இறங்கினார். மாணவர்களும் இறங்கினார்கள். மதுராவும் இறங்கினாள். கண்ணுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி பிடித்துக்கொண்டு, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு முழந்தாளிலேயே நகர்ந்தார்கள். யாருக்கும் அங்கே நேர்த்தி இல்லை. அந்தப் பூவைப் பார்க்க வேறு வழி இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேடிக்கொண்டிருந்த படி இதுதான். நானும் இறங்கினேன்.

கிட்டத்தில் பார்த்தால்தான் தெரிகிறது. ஒவ்வொரு பூவும் அடியில், தோணி மாதிரிக் குவிந்த இதழால், ஒரு சின்ன வள்ளம் வைத்திருக்கிறது. உடல் முழுக்க ரோமம் போர்த்த ஒரு தடித்த தேனீ, எங்களுக்குக் குளிரும் அந்தக் காற்றிலும் வந்து, வள்ளத்தில் கால் வைத்து அமிழ்த்தியது. உள்ளேயிருந்து மகரந்தம் எழும்பி அதன் வயிற்றில் தொட்டது. இந்தத் தேனீக்கு இந்தப் பூ சாப்பாடு, இந்தப் பூவுக்கு இந்தத் தேனீ கால் என்று மதுரா சொன்னாள். வழியில் வாடிப்போன ஒரு நாற்றை எடுத்து வேரைக் காட்டினாள். கடுகளவு முடிச்சுகள். அதற்குள் பற்றீரியா குடியிருந்து, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குமாம். இலை உதிர்ந்து உக்கும்போது அது மண்ணுக்குப் போகும். அந்த மண்ணில்தான் மற்றச் செடிகள் வந்து பிடிக்கும். அதனால் நாற்றுகளை வளர்த்ததும் இந்த மலையின் பிடி மண் கலந்துதான். வெறும் மண்ணில் வெளிறிப் போய்விடுமாம்.

“கொன்றையும் இதே குடும்பம்தான் அம்மா. சிவன்ரை தலையிலை இருக்கிறது,” என்றாள்.

அது நான் எப்போதோ சொன்னது, அவளுக்கு ஐந்து வயதில். மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

இந்த இடத்தில் ‘நாங்களும் பிடுங்கி நடப்பட்ட செடிகள்தானே’ என்று எழுத வேண்டும் என்று எனக்கும் தெரியும். எழுத மாட்டேன். அது எங்களைப் பற்றிய பூ இல்லை. சப்பாத்துகள் அழித்த ஒரு துண்டு மலையை, என் மகள் கையால் திரும்பப் பிடிக்கப் போகிற பூ. அவளுடைய வேலையை அவளுடைய வேலையாகவே வைத்துக்கொள்ளட்டும்.

கொஞ்சம் தள்ளி ஒரு மாணவன் போன வருட விதைகளைக் கையில் ஏந்தி மற்றவனிடம் ஏதோ கேட்டான். பிரெஞ்சுக்கு நடுவே ஒரு சொல் என் காதைப் பிடித்து இழுத்தது. “கொம்பியேன் த கல்லு?” எத்தனை கல்லு?

நான் மதுராவைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கினாள். “எங்கடை ஆய்வுகூடத்திலை இப்ப எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம். நல்ல சின்னச் சொல்தானே.”

என் சொற்கள் அவளோடு கூடப் போகாது என்று பயந்தேன் என்று மேலே எழுதினேனே. அழிக்காமல் விடுகிறேன். அது பிழை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

செடிகள் அழிந்த வெற்றிடத்துக்குப் போய் நடத் தொடங்கினோம். அங்கேயும் முழந்தாளில்தான். கூரான கல் எலும்பில் குத்தியது. நான் முகத்தில் காட்டவில்லை. மதுரா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தவள், பையைத் திறந்து, தரைக்கு ஓடு பதிக்கிறவர்கள் கட்டும் முழங்கால் மெத்தை இரண்டை எடுத்தாள். விலைத்துண்டு இன்னும் தொங்கியது.

“உங்களுக்கெண்டு வாங்கினனான்.”

“எனக்கு ஏன்?”

“அப்பா சொன்னவர். எல்லாம் சொன்னவர்.” சிரிப்பை அடக்கப் பார்த்தாள். “மெத்தை போட்டால் சாமி கோவிக்குமே?”

“வைக்கோல் சாமிதானே. கோவிக்காது.”

அவளே குனிந்து என் முழங்கால்களில் அவற்றைக் கட்டிவிட்டாள். பிறகு அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரரிலும் சிலர் அதைப் புனிதப் புல் என்று பிழையாக எழுதினவர்கள்தான், நான் தனியாள் இல்லை என்றாள். பிழையிலும் துணை இருப்பது நல்லது. மத்தியானம் வரை நட்டோம். கடைசி நாற்றை என் கையில் தந்தாள். வெடிப்பில் வைத்து, மலை மண்ணை அழுத்தி, போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் விட்டேன். வாய்க்குள் ‘தீர்த்துப்போட்டன்’ என்று சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. எழும்பும்போது என் மகள் கை கொடுத்தாள்.

7

வசந்தியக்கா, இப்போது என் வாயில் ரோல்ஸ் இல்லை. ஓம், என்ரை மகள் புல்லுத்தான் படிக்கிறாள். அதைப் பார்க்க ஆசையென்றால் சொல்லுங்கோ, அடுத்த கோடைக்குக் கூட்டிக்கொண்டு போறன். முழங்கால் மெத்தை என்னிடம் இருக்கிறது. அங்கே நீங்களும் முழந்தாளில்தான் நிற்க வேண்டும்.